காக்கியும் எழுதுகோலும்



1911-ஆம் ஆண்டு நியூயார்க் மாநகரக் காவல்துறையில் சாமுவேல் பேட்டில் என்னும் கறுப்பினத்தவர் சேர்ந்தார். ஒருங்கிணைந்த அந்நகரின் முதல் கறுப்பினக் காவலர் அவர். உடன் பணியாற்றிய வெள்ளையர் அவரோடு ஒரு வார்த்தையும் பேசாமல் ஒதுக்கிவைத்தனர். அதையும் பொறுத்து அவர் சார்ஜண்டாகவும் லெப்டினன்டாகவும் உயர்ந்தார். முதுமையில் தம் வரலாற்றை எழுதித் தருமாறு கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸை வேண்டினார், கவிஞரும் எழுதினார். இருவர் வாழ்நாளிலும் அந்தக் கையெழுத்துப்படி நூலாகவில்லை.

தமிழகத்தில் அத்தகைய முன்னோடி ஒருவர் எழுதுகோலைத் தாமே ஏந்தினார். அங்கே நிறம் செய்ததை இங்கே பால்வேற்றுமை செய்துகொண்டிருந்தது. தமிழகக் காவல்துறையில் பெண்கள் சேர்க்கப்பட்டதே 1973-இல்தான். தருமபுரியில் பிறந்த ஜி. திலகவதி 1976-இல் இந்தியக் காவல் பணியில் நுழைந்து, தமிழகத்தின் முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரி என்று பெயர் பெற்றார். தலைமை இயக்குநர் நிலைவரை உயர்ந்து ஓய்வுபெற்றார்.

காவல் அதிகாரி எழுதினால் துப்பறியும் கதைதான் எழுதுவார் என்று எண்ணுவோர் உண்டு. 2005-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவருடைய 'கல்மரம்' கட்டடத் தொழிலாளரின் வாழ்க்கையைச் சொல்லும் நாவல். காக்கியைக் கண்டால் ஒதுங்கி நிற்கும் மக்களைக் காக்கி அணிந்தவரே நெருங்கிநின்று எழுதினார். பதவிகளைக் காட்டிலும் இதுவே பெரிது.

ஆயினும் ஒருவர் நுழைந்ததால் துறையே மாறிவிடுமா? 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. கணவனிடம் அடிபட்டவள் கூசாமல் முறையிட ஓரிடம் வாய்த்தது. அதே ஆண்டு ஜூன் மாதம், திலகவதி பிறந்த தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குள் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் புகுந்தனர். மலையாளிப் பழங்குடிப் பெண்கள் 18 பேர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோயினர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே என 2011-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நம் கல்வராயன் மலையில் வாழ்வோரும் அதே மலையாளிகளே. அம்மலைப் பெண்ணொருத்தி காவல் நிலையப் படியேறத் தயங்கினால் அதனை அறியாமை என்று சொல்வதற்கில்லை.

அந்தப் படிகளை வேறொரு வழியாக ஏறியவர் பிரித்திகா யாஷினி என்னும் திருநங்கை. ஆண், பெண் என்னும் இரண்டே கட்டங்கள் கொண்ட விண்ணப்பத்தில் அவருக்கு இடமில்லை, விண்ணப்பம் தள்ளப்பட்டது. அவர் வழக்காடினார். 2015-இல் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2017-இல் உதவி ஆய்வாளராக அவர் பொறுப்பேற்ற இடம் தருமபுரி.