பூமிக்குள் எண்ணெய் காய்ச்சியது யார்?



நமது புதுவைக்கு அருகில் திருவக்கரையில் கல்லாய்ப் போன மரங்கள் கிடக்கின்றன. அவற்றை வக்ராசுரனுடைய எலும்புகள் என்று சொல்லி வருகிறார்கள். அசுரன் எலும்பில் மரத்து நார் ஏன் ஓட வேண்டுமென்று எவரும் கேட்பதில்லை. சுமார் 2 கோடி வருஷங்களுக்கு முன் மணலில் புதைந்த மரங்களில் மரச்சத்து போய்ச் சிலிக்கா ஏறியது, சங்கதி அவ்வளவுதான்.

பாகூருக்கடியிலும் நெய்வேலியிலும் உள்ள பழுப்பு நிலக்கரியும் செடிகொடிகள் மக்கியதேயாகும். போதிய சூடு கிடைக்காததால் அது அரைவேக்காடாகவே நின்றுவிட்டது.

வெந்தது எங்கே என்றால், நமது காரைக்காலும் நரிமணமும் இருக்கும் காவிரிப் படுகையில். அங்கே வெகு ஆழத்தில் ஆண்டிமடம், சத்தப்பாடி என்று நம் ஊர்களின் பெயராலேயே வழங்கும் பாறைகள் உண்டு. வயது 10 கோடி வருஷமும் அதற்கு மேலும். காற்றுப் புகாத சேற்றில் அழுகாமல் தங்கிய உயிர்ச்சத்துக்குக் கெரோஜன் என்று பெயர். பாறையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு அது இருந்தாலே எண்ணெய்க்குப் போதும். பாசியும் நுண்ணுயிரும் எண்ணெயைக் கொடுக்கும். மரஞ்செடிகள் பெரும்பாலும் வாயுவைத்தான் கொடுக்கும்.

அடுப்பு எது? பூமியேதான். ஒரு கிலோமீட்டர் கீழே போனால் சுமார் 25, 30 டிகிரி சூடு ஏறுகிறது. ஏறக்குறைய 60 முதல் 120 டிகிரி வரை எண்ணெய் பிறக்கும். அதற்கு மேல் காய்ந்தால் வாயு. முன்னதாக எடுத்தால் ஒன்றுமில்லை.

வெந்ததா இல்லையா என்பதற்கு யாரும் ஜாதகம் பார்ப்பதில்லை. பாறையிலுள்ள மரத்துணுக்கை மெருகேற்றிப் பூதக்கண்ணாடியில் வைத்து, விழுந்த வெளிச்சத்தில் எவ்வளவு திரும்புகிறதென்று அளக்கிறார்கள். நூற்றுக்கு 0.6-லிருந்து 1.3 வரை இருந்தால் எண்ணெய்ப் பக்குவம். நம்மூர் அம்மாமார் பாகுப்பதம் பார்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசம், அவர்கள் விரலால் பார்க்கிறார்கள்!

இதைத் தெரிந்து நமக்கென்ன லாபம் என்று கேட்பீர்கள். பூமாதேவி கொடுத்தாள், எடுக்க எடுக்க ஊறும் என்று நம்புகிறவன், கிணறு வறண்ட பிறகுதான் விழிப்பான். லட்சக்கணக்கான வருஷங்களில் வெந்ததை நாம் ஒரு தலைமுறையில் இறைத்து விடுகிறோம். 2017-ல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். 2020-ல் தமிழ்நாட்டுச் சர்க்கார் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் செய்தது. காரைக்கால் புதுவையைச் சேர்ந்ததாகையால் அச்சட்டம் அங்கே செல்லாது.

ஆகவே, "உன் வயலுக்கடியில் எண்ணெய் இருக்கிறது" என்று ஒருவர் காகிதத்தோடு வந்தால், படித்தவர் சொல்கிறாரே என்று வாய்பொத்தி நிற்காதீர்கள். கீழேயுள்ள பாறை வெந்ததா, வெந்த எண்ணெய் நகர்ந்து எந்தப் பாறையில் தங்கியிருக்கிறது, எண்ணெயோடு மேலே வரும் உப்புத் தண்ணீரை எங்கே விடப்போகிறீர் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.