புதிய காசு வந்தால் வீட்டுக்கு யார் சொல்வது?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

எனக்குக் கொடுத்த தலைப்பு 'மாணவரும் சிக்கனமும்' என்பதாகும். காசைச் சேர்த்து வை என்று சொல்ல இங்கே பலர் இருக்கிறார்கள். சேர்த்த காசு செல்லுமா, செல்லாதா என்று தெரிந்துகொள்வதும் சிக்கனத்தில் ஒரு பாதி. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நம் நாட்டில் காசு பலமுறை மாறியிருக்கிறது. அதில் பெரிய மாற்றம் 1967ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12ஆம் நாள் நடந்தது. அதுவரை மலாயாவும் சிங்கப்பூரும் போர்னியோப் பகுதிகளும் ஒரே பணத்தைப் புழங்கின. காசில் இங்கிலாந்து ராணியின் தலை இருந்தது. ஒரு காசு ஒரு காலத்தில் சதுரமாகக்கூட இருந்தது. நம் தாத்தாமார் அதைக் கையில் வைத்திருந்தவர்கள். அன்றைக்கு மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் தனித்தனியே தங்கள் சொந்தப் பணத்தை வெளியிட்டன. நமக்கு அதைப் பேங்க் நெகாரா வெளியிட்டது. ராணியின் தலை போய், நாடாளுமன்றக் கட்டடமும் பிறையும் நட்சத்திரமும் காசில் வந்தன. 'சென்ட்' என்பது 'சென்' ஆயிற்று.

புதிய காசை மக்களிடம் கொடுப்பது லேசான காரியமா? எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஏராளமாக இருந்த காலம். அப்போது ஒரு நல்ல காரியம் செய்தார்கள். முகம் மாறியதே தவிர, 5 காசு, 10 காசு, 20 காசு, 50 காசு எல்லாம் ஏறக்குறைய பழைய அளவிலேயே, பழைய எடையிலேயே இருந்தன. படிக்கத் தெரியாத அம்மாவும் முந்தானை முடிச்சை அவிழ்த்து, விரலால் தடவிப் பார்த்தே இது பத்து, இது இருபது என்று சொல்லிவிடலாம். கண்ணுக்குப் புதுசு, கைக்குப் பழசு. புதிய காசை மக்களுக்கு அறிமுகப்படுத்துவதில் இதைவிட நல்ல வழி இல்லை.

1989இல் இரண்டாம் தொகுதிக் காசுகள் வந்தபோதும் அளவு பெரிதும் மாறவில்லை. ஆனால் படங்கள் மாறின. அந்தப் படங்களைப் பாருங்கள், பிள்ளைகளே! 5 காசில் பம்பரம். 10 காசில் சொங்காக், அதாவது நம்ம பாட்டிமார் ஆடின பல்லாங்குழி. 20 காசில் வெற்றிலைத் தட்டு. 50 காசில் பட்டம். மலாய்க்காரர் வீட்டுப் பொருள்தான்; ஆனால் நம் லயத்து வாசலுக்கும் அந்நியமா? மக்களுக்குத் தெரிந்த பொருளை வைத்தே தெரியாத காசை அறிமுகப்படுத்தினார்கள். ஆசிரியர்களாகிய நாங்களும் வகுப்பில் அப்படித்தானே செய்கிறோம்!

இனி இதன் மறுபக்கத்தைச் சொல்கிறேன். 1967 ஜூன் மாதத்தில் பழைய வெள்ளிக்கும் புதிய வெள்ளிக்கும் மதிப்பு ஒன்றுதான். ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளலாம். பழசும் செல்லும், புதுசும் செல்லும். "அவசரம் என்ன, மெதுவா மாத்திக்கலாம்" என்று பலர் இருந்துவிட்டார்கள். ஐந்து மாதம் கழித்து, நவம்பர் 18ஆம் நாள், இங்கிலாந்து தன் பவுனின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைத்தது. நம் பழைய பணம் அந்தப் பவுனோடு கட்டப்பட்டிருந்தது. மாடு பள்ளத்தில் இறங்கினால் வண்டியும் இறங்கத்தானே வேண்டும்? பழைய நோட்டின் மதிப்பும் இறங்கியது. புதிய பணத்தின் மதிப்பை நம் அரசு குறைக்கவில்லை. ஆகவே பழைய ஒரு வெள்ளி நோட்டு, புதிய பணத்தில் சுமார் 85 காசு ஆகிவிட்டது.

இதன் பொருள் என்ன? ஜூனிலேயே மாற்றியவருக்கு ஒன்றும் போகவில்லை. தகரப் பெட்டிக்குள் நூறு வெள்ளி பழைய நோட்டை வைத்திருந்தவருக்குப் பூட்டிய பெட்டிக்குள்ளேயே ஏறக்குறைய பதினைந்து வெள்ளி போச்சு. திருடன் வரவில்லை. பூட்டு உடையவில்லை. ஆனால் பணம் குறைந்துவிட்டது. பேங்கில் போடுகிற பழக்கம் இல்லாத ஏழை எளியவர்தானே நோட்டை வீட்டில் வைப்பவர்? அந்தக் கோபத்தில் பினாங்கில் நவம்பர் 24ஆம் நாள் கடையடைப்பு நடந்தது. அது கலவரமாக மாறி, உயிர்களும் போயின. காசு மாறுவது வெறும் கணக்குப் பாடம் அன்று என்பதற்கு அந்த நாளே சாட்சி.

இது பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். மஞ்சள் நிறத்தில் கெரிஸ் போட்ட ஒரு வெள்ளிக் காசு உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கள்ளக் காசு பெருகியதால் அதை மீட்டுக்கொண்டார்கள். 2005 டிசம்பர் 7ஆம் நாள் முதல் அது செல்லாக்காசு. அதற்கு முன்பே மாற்றிக்கொள்ளும்படி அறிவிப்பும் வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், நான் வேலை செய்த ஒரு தோட்டத்தில், வகுப்புக் கண்காட்சிக்குப் பழைய காசு கொண்டுவரச் சொன்னேன். ஒரு பையன் மைலோ டின் ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே அறுபத்து மூன்று ஒரு வெள்ளிக் காசு. அவன் பாட்டி புல்லுவெட்டிச் சேர்த்தது. மாலையில் அந்த அம்மாவே பள்ளிக்கு வந்து, "வாத்தியாரே, இதைக் கொண்டுபோய் பேங்க்குல மாத்திக் குடுங்கய்யா" என்றார். இனிச் செல்லாது பாட்டி என்று சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பேப்பர்ல போட்டிருப்பாங்க. எனக்கு எங்கே படிக்கத் தெரியும்? வீட்டுல நாலு பிள்ளைங்க படிச்சிச்சு. ஒண்ணுகூடச் சொல்லலியே" என்றார்.

அன்பர்களே, அந்த அம்மாவுக்குப் போனது அறுபத்து மூன்று வெள்ளி. ஆனால் அவர் கேட்டது பணத்தைப் பற்றி அன்று. வீட்டில் படித்த பிள்ளைகளைப் பற்றி. அந்தக் கேள்விதான் இன்று நான் உங்கள் முன் வைக்கும் கேள்வி.

அரசாங்கம் அறிவிப்புச் செய்துவிடும். பத்திரிகை அச்சடித்துவிடும். வானொலி சொல்லிவிடும். ஆனால் செய்தி ஆபீஸ் வாசல் வரைக்கும் வந்து, லயத்துக் கடைசி வீட்டுக்குப் போகாமலே நின்றுவிடுகிறது. காசு மாறும்போது செய்தி முதலில் எட்டியவர் தப்பித்துக்கொள்கிறார். கடைசியில் எட்டியவர் இழக்கிறார். இடையில் இருக்கிற அந்த நூறு அடி தூரத்தைக் கடக்க வேண்டியவர்கள் யார்? மாணவச் செல்வங்களே, நீங்கள்தான்!

உங்களுக்கு மூன்று வேலை தருகிறேன்.

முதலாவது, வீட்டில் பெரியவர்களைக் காசைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். 2012இல் வந்த மூன்றாம் தொகுதியில் காசுகளின் அளவே மாறிவிட்டது. அந்த 50 காசு, பழைய 20 காசைவிடச் சற்றே சிறியது; எடையும் ஏறக்குறைய அதே. அடையாளத்துக்கு மஞ்சள் நிறம் கொடுத்து, விளிம்பில் வெட்டுக்குழிகளும் வைத்திருக்கிறார்கள். கண் மங்கிய தாத்தாவின் விரலைப் பிடித்து அந்தக் குழிகளைக் காட்டிக்கொடுங்கள்.

இரண்டாவது, கடைக் கணக்கைப் படித்துச் சொல்லுங்கள். 2008 ஏப்ரல் முதல் நாளிலிருந்து ஒரு காசு கொடுக்கல் வாங்கலில் இல்லை. மொத்தத் தொகை 1, 2 காசில் முடிந்தால் கீழே இறங்கும். 3, 4 என்றால் 5 ஆகும். 6, 7 என்றாலும் 5தான். 8, 9 என்றால் 10 ஆகும். ஒவ்வொரு சாமானுக்கும் இப்படிச் செய்யக் கூடாது, மொத்தத்துக்கு ஒருமுறைதான். இது இரண்டாம் வகுப்புக் கணக்கு. ஆனால் உங்கள் அம்மாவுக்கு அது பெரிய துணை.

மூன்றாவது, காசு, நோட்டு, அடையாள அட்டை, எதைப் பற்றிய அறிவிப்பு வந்தாலும், கடைசித் தேதி எது என்று பார்த்து, வீட்டில் உரக்கப் படியுங்கள். உங்கள் வீட்டோடு நிற்காமல், பிள்ளைகள் இல்லாத பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் போய்ச் சொல்லுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை படித்துச் சொல்லும்போது, "உனக்கென்னடா தெரியும்" என்று அடக்கிவிடாதீர்கள். ஒரு நிமிடம் காது கொடுங்கள்.

இன்று இந்த மேடையில் பரிசு வாங்கிய பிள்ளைகளை நான் மனமாரப் பாராட்டுகிறேன். உங்கள் கையில் இருக்கும் கிண்ணம் நீங்கள் படித்ததற்கு அடையாளம். உங்கள் வீட்டில் ஒரு வெள்ளிகூடச் செல்லாக்காசு ஆகாமல் காத்தீர்களானால், அதுதான் நீங்கள் படித்ததன் பயன்.