கிழிந்த வலை

(ஞாயிறு மாலை வானொலியில் வழங்கப்பட்ட மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்று ஒரு கால்பந்து ஆட்டத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன். தொலைக்காட்சியில் வந்த ஆட்டம் அல்ல. மறுநாள் செய்தித்தாளில் ஒரு வரிகூட வராத ஆட்டம். இங்கிலாந்து நாட்டில் முதல் நான்கு பிரிவுகளில் 92 கிளப்புகள் விளையாடுகின்றன. அவற்றுக்கும் கீழே இருக்கிற சின்னச் சின்ன அணிகளை அங்கே 'நான்-லீக்' என்பார்கள். ஆடுகிறவர்களில் பலருக்கு வேறு வேலை இருக்கும். ஆதரவாளர்கள் சில நூறு பேர்தான். மழையானாலும் குளிரானாலும் தங்கள் அணியோடு வெளியூர் வரை போவார்கள். நம் வடசென்னையில் அந்தப் பெயர் வழக்கில் இல்லை. ஆனால் அந்த வாழ்க்கை உண்டு. வியாசர்பாடியில், காசிமேட்டில், திருவொற்றியூரில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போய்ப் பாருங்கள். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்த பையன் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருப்பான். அவனுடைய அணிக்கு ஆதரவாளர்கள் யார்? அவன் தெருதான்.

நான் இராயபுரம் பகுதியில் இளையோர் பணியில் இருந்த நாட்கள் அவை. எங்கள் பையன்களுக்கு எண்ணூர் பக்கத்து அணி ஒன்றோடு ஆட்டம். பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம் இருக்கலாம். ஆனால் அடுத்த ஏரியாவுக்குப் போய் ஆடுவது என்றால் அது வெளியூர்தான். இரண்டு குட்டியானை வண்டிகளில் ஆடுகிறவர்களும் ஆதரவாளர்களுமாக நாற்பது பேர் ஏறினோம். மேளமும் ஏறியது.

தொழிற்சாலைச் சுவரை ஒட்டிய திடல் அது. புல் கிடையாது, மணலும் சரளைக் கல்லும்தான். முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் எங்கள் ஃபார்வர்டு பையன் இரண்டு நல்ல வாய்ப்புகளைத் தவறவிட்டான். எங்கள் ஆட்கள் பொறுமை இழந்து, எதிரணியின் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். அங்கே கோல்கீப்பராக நின்றவனுக்கு 16 வயது இருக்கும். ஒல்லியான பையன். அவனைக் கேலி செய்யத் தொடங்கினார்கள். காசிமேட்டுக்காரர்களுக்குக் கேலி எங்கிருந்து வரும்? கடலிலிருந்துதான் வரும். "கிழிஞ்ச வலை! கிழிஞ்ச வலை!" என்று மேளத்துக்குத் தாளமாகக் கத்தினார்கள்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பந்து தரையோடு உருண்டு போனது. வேகம்கூட இல்லை. பையன் குனிந்து கையை நீட்டினான். பந்து ஒரு கல்லில் பட்டு எகிறி, அவன் கைக்கு மேலே போய் உள்ளே விழுந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம். நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

விசில் ஊதியதும் அந்தப் பையன் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து, சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். எங்கள் ஆட்கள் அவனைச் சுற்றி மேளம் அடித்தார்கள். நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். நிறுத்தச் சொல்லியிருக்கலாம். அன்பர்களே, நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அதை இன்று உங்கள் முன் சொல்லியாக வேண்டும்.

திரும்பும்போது எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. அந்தச் சாலையை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வண்டி ஒரு மணி நேரம் நகரவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் வெற்றி பெற்றவர்கள் என்ன பேசுவார்கள் என்பதைக் கேட்டேன்.

ஒருவர், "எண்ணூரையே அடக்கிட்டோம்!" என்றார். இன்னொருவர், "இதெல்லாம் ஒரு ஜெயிப்பா? நாலு கோல் அடிச்சிருக்கணும்" என்று முறைத்தார். மூன்றாமவர் வண்டியின் மூலையில் உட்கார்ந்திருந்த எங்கள் ஃபார்வர்டு பையனைக் காட்டி, "இவன வெச்சிக்கினு அடுத்த மேட்சுக்குப் போனா அவ்ளோதான்" என்றார். இன்னொருவர் நடுவரைத் திட்டினார். கவனித்தீர்களா? ஜெயித்த வண்டி அது. ஆனால் அதற்குள்ளே தலைகுனிந்து உட்கார்ந்த ஒரு பிள்ளை இருந்தான். தோற்றவனைக் குத்திய அதே நாக்கு, அரை மணி நேரத்தில் சொந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பிவிட்டது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் இருந்தார். அதுவரை வாயே திறக்கவில்லை. மெதுவாகக் கேட்டார்: "சாமி, அந்தப் புள்ள கை நடுங்கிச்சே, பாத்தீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். "எண்ணெய் கொட்டுனப்ப நானும் எர்ணாவூர் கரைக்குப் போயிருந்தேன் சாமி. வாளிய கைமாத்திக் கைமாத்திக் குடுத்தோம். எனக்கு முன்னாடி நின்னவன் எந்த ஏரியான்னு நான் கேக்கல. அவனும் என்னக் கேக்கல."

2017 ஜனவரி 28ஆம் நாளை வடசென்னை மறக்காது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கொட்டிய எண்ணெய் கறுப்புக் குழம்பாகக் கரையில் ஒதுங்கியது. மீனவர்களும் மாணவர்களும் தொண்டர்களும் பணியாளர்களும் நாள்கணக்கில் நின்று வாளிகளால் அள்ளினார்கள். கடல் கெட்டுப்போனபோது எண்ணூர் கரை, காசிமேட்டுக் கரை என்ற வேறுபாடு எங்கே இருந்தது? ஒரு கோலுக்காக நாம் போட்ட கோடு அது.

பெரியவர் கடைசியாக ஒன்று சொன்னார். அதுதான் இன்றைய மறையுரை. "கிழிஞ்ச வலையப் பாத்து நம்ம ஊர்ல எவனாச்சும் சிரிப்பானா சாமி? குந்திப் பொத்துவான்."

அன்பார்ந்தவர்களே, இராயபுரம் என்கிற ஊர்ப் பெயரே இராயப்பரின் பெயர். பேதுருவைத்தான் நம் முன்னோர் இராயப்பர் என்று அழைத்தார்கள். அவர் வலை வீசியவர். அவரோடு தொழில் செய்தவர்கள் செபதேயுவின் மக்கள் யாக்கோபும் யோவானும். இயேசு அந்த இருவரையும் அழைத்தபோது அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? மத்தேயு நற்செய்தியின் 4ஆம் அதிகாரம் சொல்கிறது: தந்தையோடு படகில் அமர்ந்து வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது லூக்கா நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இயேசுவும் சீடர்களும் எருசலேமுக்குப் போகும் வழியில் சமாரியர்களின் ஊர் ஒன்று அவர்களை ஏற்க மறுக்கிறது. வானத்திலிருந்து நெருப்பு வந்து இந்த ஊரை எரிக்கட்டுமா என்று இருவர் கேட்கிறார்கள். யார் அந்த இருவர்? அதே யாக்கோபு, அதே யோவான். ஊசியும் நூலுமாக வலை பொத்திய அதே கைகள், அடுத்த ஊருக்குப் போனதும் நெருப்பைத் தேடுகின்றன. இயேசு அவர்களைக் கடிந்துகொள்கிறார். பிறகு பேசாமல் வேறோர் ஊருக்கு நடக்கிறார்.

அடுத்த அதிகாரத்தில் எழுபத்திரண்டு சீடர்கள் ஊர் ஊராகப் போய்விட்டு வெற்றியோடு திரும்பி வருகிறார்கள். மகிழ்ச்சி தாங்கவில்லை. இயேசு அந்த மகிழ்ச்சியைப் பறிக்கவில்லை. ஆனால் திருத்துகிறார். எதிரி உங்களுக்கு அடங்கினான் என்பதற்காக மகிழ வேண்டாம். உங்கள் பெயர் விண்ணகத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்காக மகிழுங்கள் என்ற பொருளில் பேசுகிறார். ஜெயித்தவன் மகிழலாம். எதைப் பார்த்து மகிழ்கிறான் என்பதுதான் கேள்வி.

'ஃபாதர், இது வெறும் விளையாட்டு, வெறும் கேலி' என்று நீங்கள் சொல்லலாம். 1994 உலகக் கோப்பையில் கொலம்பியா அணியின் ஆந்த்ரேஸ் எஸ்கோபார் தவறுதலாகத் தன் அணியின் கோலுக்குள்ளேயே பந்தைத் தட்டிவிட்டார். அமெரிக்காவிடம் இரண்டுக்கு ஒன்று என்று அந்த ஆட்டம் தோற்றது. பத்து நாள் கழித்து, ஜூலை 2ஆம் நாள், சொந்த நகரமான மெடஜீனில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வாகனம் நிறுத்தும் இடத்தில், அந்தக் கோலைச் சொல்லி ஏளனம் செய்ததில் தொடங்கிய வாக்குவாதம் துப்பாக்கியில் முடிந்தது. அவருக்கு வயது 27. எல்லாக் கேலியும் அங்கே போய் முடிவதில்லை. ஆனால் அந்தப் பாதை கேலியில்தான் தொடங்குகிறது.

வேறு பாதையும் உண்டு. 2022 நவம்பர் 23 அன்று கத்தாரில் ஜப்பான் அணி ஜெர்மனியை இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. ஒரே கோல் வித்தியாசம். ஜப்பானிய ஆதரவாளர்கள் ஆடினார்கள், பாடினார்கள். பிறகு நீல நிறப் பைகளை எடுத்து, தாங்கள் உட்கார்ந்த இடத்தின் குப்பையைப் பொறுக்கினார்கள். 1998 உலகக் கோப்பையிலிருந்தே அவர்களிடம் இந்தப் பழக்கத்தை உலகம் பார்க்கிறது. வந்த இடம் இன்னொருவருடைய வீடு என்பதை அவர்கள் வெற்றியிலும் மறக்கவில்லை.

ஒரு கோல் என்பது எவ்வளவு மெல்லிய இடைவெளி என்பதையும் எண்ணிப் பாருங்கள். 2018 பிப்ரவரியில் நம் தமிழ்நாட்டுப் பெண்கள் ஒடிசாவின் கட்டாக் நகரில் மணிப்பூரை இரண்டுக்கு ஒன்று என்று வென்று, முதன்முறையாகத் தேசியப் பட்டத்தைப் பெற்றார்கள். எத்தனையோ முறை பட்டம் வென்ற அணி மணிப்பூர். நாம் பெருமைப்பட்டோம், பெருமைப்பட வேண்டியதுதான். அடுத்த முறையே மணிப்பூர் பட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 2023 ஜூனில் அமிர்தசரஸில் அரியானாவை அதே இரண்டுக்கு ஒன்று என்று வென்று நம் பெண்கள் மீண்டும் பட்டம் பெற்றார்கள். இன்று நம் பக்கம், நாளை அவர்கள் பக்கம். எண்ணூர் திடலில் அந்தக் கல் இரண்டு விரற்கடை தள்ளிக் கிடந்திருந்தால், பந்து அந்தப் பையனின் கையில்தான் இருந்திருக்கும்.

ஒரு மாதம் கழித்து எங்கள் திடலில் ரிட்டர்ன் மேட்ச் நடந்தது. கோல் கம்பத்தில் வேறு ஒருவன் நின்றான். கேட்டேன். "அவன் அதுக்கப்புறம் கிரவுண்டுக்கே வரல ஃபாதர்" என்றார்கள்.

அன்று மாலை பெரியவர் என்னைத் தேடி வந்தார். மேளம் அடித்தவர்களில் இருவரை உடன் அழைத்து வந்திருந்தார். அடுத்த ஞாயிறு நால்வருமாகப் போனோம். பையனின் அம்மா டீ போட்டுக் கொடுத்தார். "அன்னைக்கு ராத்திரி சாப்பிடாமலே படுத்துட்டான் சாமி" என்று மட்டும் சொன்னார். மேளக்காரர் ஒருவர் அந்தப் பையனிடம், "தம்பி, அந்தக் கல்லு இல்லன்னா நீ புடிச்சிருப்ப. நானும் பாத்தேன்" என்றார். அவருக்கு அதற்கு மேல் பேச வரவில்லை. நான் என் பங்குக்கு, "நானும் சிரிச்சேன்பா, மன்னிச்சிடு" என்றேன். பையன் தலையாட்டினான். ஒன்றும் பேசவில்லை.

அவன் திரும்ப ஆட வந்துவிட்டான் என்று சொல்லி முடிக்க எனக்கும் ஆசைதான். நான் அந்தப் பகுதியை விட்டு மாறி வரும் வரை அவன் கோல் கம்பத்துக்கு நடுவே நிற்கவில்லை. ஆனால் திடலுக்கு வந்து ஓரத்தில் நிற்கத் தொடங்கியிருந்தான். வலை கிழிய ஒரு நொடி போதும். பொத்துவதற்கு நாளாகும். மீனவக் குடும்பங்களுக்கு இது தெரியும்.

அன்பு நேயர்களே, உங்களில் பலர் கால்பந்து பார்க்காதவர்களாக இருக்கலாம். ஆனால் வெற்றி எல்லார் வீட்டுக்கும் வரும். உங்கள் பிள்ளை தேறி, பக்கத்து வீட்டுப் பிள்ளை தவறும் நாள் வரும். உங்களுக்கு வேலை நிரந்தரமாகி, உடன் உழைத்தவருக்கு ஆகாமல் போகும் நாள் வரும். அன்று இனிப்பு வாங்குங்கள், மகிழுங்கள். மகிழ்ந்துவிட்டு, வீடு திரும்பும் வழியில் என்ன பேசுகிறீர்கள் என்று கவனியுங்கள். கம்பத்தில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டவர் யார் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். உங்கள் வண்டியின் மூலையில் தலைகுனிந்து இருப்பவர் யார் என்றும் பாருங்கள்.

வலை பொத்திய கைகளை அழைத்த ஆண்டவர், அந்தக் கைகள் நெருப்பைத் தேடியபோது கடிந்துகொண்டார். ஆனால் அவற்றை விட்டுவிடவில்லை. நம் கைகளையும் அவர் ஊசியும் நூலும் பிடிக்கப் பழக்குவாராக.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.