கொழுந்து எடுக்கும் விரலும் ஊசி பிடிக்கும் விரலும்

(தோட்டத் தாய்மார் கூட்டமொன்றில் தையல் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட பேச்சு)



இன்றைக்கு நாங்கள் விரலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "விரலைப் பத்திப் பேச என்னா இருக்கு?" என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. போன வருஷம் மழைக்காலம் வரைக்கும் நாங்களும் அப்படித்தான் சிரித்தோம்.

எங்கள் குழுவில் ஏழு பேர். கிழமை நாட்களில் மலை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் யாராவது ஒருத்தர் வீட்டு இஸ்தோப்பில் கூடிப் பழைய சேலைகளை அடுக்கிப் போர்வை தைப்போம். போன வருஷம் எங்கள் லயத்தில் ஒரு தங்கச்சிக்குப் பிள்ளை பிறக்க இருந்தது. குளிர் காலத்தில் வருகிற பிள்ளை. அதற்கு ஒரு போர்வை தைத்துக் கொடுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. அவசரத்தில் இரவிலும் தைத்தோம்.

அப்போது எங்களில் மூத்த அக்காவுக்கு இடது கை ஆள்காட்டி விரலில், நகத்தோரம் ஊசி ஏறிவிட்டது. ஒரு சொட்டு இரத்தம். வாயில் வைத்துச் சூப்பிவிட்டு, "ஊசி தானே" என்று மறுபடி தைத்தார். அடுத்த நாள் மழையில் கொழுந்து எடுத்தார். மூன்றாம் நாள் விரல் சிவந்து வீங்கியது. மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினார். ஐந்தாம் நாள் இரவு வலியில் தூக்கமே இல்லை. பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். விரலைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். பதினேழு நாள் அவர் மலைக்குப் போகவில்லை. பதினேழு நாள் பேர் விழவில்லை.

ஒரு கையால் கொழுந்து எடுக்க முடியுமா? நமக்கு இரண்டு கையும் வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுகிற அதே விரல்கள்தான் ஊசியையும் பிடிக்கின்றன. அந்த விரல் படுத்துவிட்டால் வீட்டு அடுப்பும் சேர்ந்து படுத்துவிடும். அதனால்தான் இந்தப் பேச்சு.

முதலில், நமக்கு ஏன் ஊசிக் காயம் மோசமாகிறது என்று பார்ப்போம். கொழுந்து எடுத்து எடுத்து நம் விரல்களில் கறை ஏறுகிறது. காலைப் பனியிலும் மழையிலும் நனைந்து தோல் வெடிக்கிறது. வெடிப்புக்குள் மண்ணும் அழுக்கும் தங்குகின்றன. அந்தத் தோலில் ஊசி குத்தினால், ஊசியோடு அழுக்கும் உள்ளே போகிறது. ஊசித் துளை மேலே சீக்கிரம் மூடிக்கொள்ளும். அழுக்கு உள்ளே அடைபட்டுப் பழுக்கும்.

ஆகவே தைக்க உட்காருமுன் சவர்க்காரம் போட்டுக் கையை நன்றாகக் கழுவித் துடையுங்கள். கறை போக வேண்டும் என்று தேசிக்காயும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள். வெடிப்பு இன்னும் பெரிசாகும். படுக்கப் போகும்போது விரல்களுக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தைக்குமுன் தடவ வேண்டாம், ஊசி வழுக்கும்.

அடுத்தது விரற்பூண். தையற்காரர்கள் விரல் நுனியில் மாட்டுகிற உலோகத் தொப்பி. அங்குஸ்தான் என்றும் சொல்வார்கள். சிங்களக் கடையில் 'திதாலய' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அதன் மேலெல்லாம் குழி குழியாக இருக்கும். அந்தக் குழி அழகுக்கு அல்ல. ஊசியின் காதுப் பக்கம் வழுக்காமல் அதில் உட்காருவதற்கு.

இதை எந்த விரலில் போடுவது? ஊசியைப் பிடிப்பது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும். பின்னாலிருந்து தள்ளுவது நடு விரல். அந்த நடு விரலில்தான் போட வேண்டும். கையைக் கீழே தொங்கவிட்டு உதறினால் விழக் கூடாது. அதேநேரம் விரல் நுனி நிறம் மாறுகிற அளவுக்கு இறுக்கவும் கூடாது. அதுதான் சரியான அளவு.

"அதப் போட்டா தைக்கவே வராது" என்று எங்கள் அக்கா சொல்வார். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முதல் நாள் விரல் யாருடைய விரலோ மாதிரிதான் இருக்கும். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? தைக்காத நேரத்திலும், அரிசி கல் பொறுக்கும்போதும் அதை மாட்டிக்கொண்டே இருந்தோம். நான்கைந்து நாளில் பழகிவிட்டது. இப்போது அது இல்லாமல் ஊசியைத் தொட்டால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது.

வாங்கக் காசு இல்லை என்றாலும் பரவாயில்லை. பழைய தோல் சப்பாத்தின் நாக்கு இருக்கிறதே, அதை வெட்டி விரலின் முதல் கணு வரைக்கும் வருகிற மாதிரி இரண்டு துண்டு எடுங்கள். ஓரத்தைச் சேர்த்துத் தைத்தால் தோல் உறை தயார். கதவோரம் நிற்கும் அண்ணன்மார்களே, இந்த வேலையை நீங்கள் செய்து கொடுக்கலாம். கவ்வாத்துக் கத்தியைத் தீட்டாமல் நீங்கள் மலைக்குப் போவதில்லை அல்லவா? வீட்டுப் பெண்ணின் ஊசிக்கும் அப்படி ஒரு முன்னேற்பாடு வேண்டும்.

போர்வை தைக்கிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து, துணிக்குக் கீழே இருக்கிற கையில். மேலே இருந்து வருகிற ஊசி கீழே வந்துவிட்டதா என்று அந்த விரல்தான் தொட்டுப் பார்க்கிறது. அக்காவுக்குக் குத்தியதும் அங்கேதான். அந்த விரலை முழுதாக மூடினால் ஊசி வருவது தெரியாது. ஆகவே ஊசி படுகிற இடத்தில் மட்டும் மெல்லிய பிளாஸ்டர் இரண்டு சுற்று ஒட்டுங்கள். ஊசி முனை இலேசாகப் பட்டதுமே மேலே திருப்பிவிடுங்கள். அழுத்தித் தேடாதீர்கள்.

இனி ஊசி. ஊசிப் பக்கெட்டில் எண் போட்டிருக்கும். எண் கூடக் கூட ஊசி மெலிசு. பழஞ்சேலை நான்கைந்து மடிப்புக்கு 7 அல்லது 8 எண் ஊசி போதும். படங்கு, சாக்கு மாதிரித் தடித்த துணிக்கு அதைவிடக் குறைந்த எண் வேண்டும். மெலிந்த ஊசியைத் தடித்த துணியில் திணித்தால் ஊசி வளையும், இல்லாவிட்டால் உடைந்து விரலில் ஏறும். வளைந்த ஊசி, துருப்பிடித்த ஊசி, முனை மழுங்கிய ஊசி மூன்றையும் கழித்துவிடுங்கள். ஊசி கூராக இருந்தால் ஆபத்து என்று நினைக்கிறோம். மழுங்கிய ஊசிதான் கூட ஆபத்து. அதைத் தள்ளப் பலம் கூட வேண்டும். பலம் கூடினால் கை தவறும்.

நூல் ஒரு முழம் போதும். நீள நூல் சிக்கும், ஒவ்வொரு இழைக்கும் கையை வீசி இழுக்க வேண்டி வரும், பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கும் ஆபத்து. நூலை மெழுகுதிரியில் ஒருமுறை இழுத்து எடுத்தால் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும்.

ஊசி பாதியில் மாட்டிக்கொண்டால் நம்மில் பலர் பல்லால் கடித்து இழுக்கிறோம். பல்லும் போகும், உதட்டிலும் குத்தும். பழைய சைக்கிள் டியூப்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதால் ஊசியைப் பிடித்து இழுத்தால் வழுக்காமல் வரும்.

துணியையும் பார்க்க வேண்டும். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று பெரியவர்கள் சொன்னது தையலுக்கும் பொருந்தும். கஞ்சி போன, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன நூல் சேலையில் ஊசி தானாக இறங்கும். மேற்கு வங்காளத்திலும் பங்களாதேஷிலும் 'காந்தா' என்றொரு போர்வை தைப்பார்கள். அதுவும் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டதுதான். தைக்கிற வண்ண நூலைக்கூடச் சேலைக் கரையிலிருந்தே உருவி எடுப்பது அங்கே பழைய வழக்கம். நாமும் கரையையும் தடித்த மடிப்புத் தையலையும் வெட்டி நீக்கிவிட்டு அடுக்கினால் பாதி வலி குறையும். துணியைத் தரையில் விரித்து, பெரிய பெரிய இழையாக முதலில் ஓட்டிப் பிடித்துக்கொண்டு பிறகு தையுங்கள். மடிப்பு நகராவிட்டால் கையும் தவறாது. ஒரே தள்ளில் பத்து இழை எடுக்கப் பார்க்க வேண்டாம். மூன்று நான்கு இழை எடுத்து ஊசியை வெளியே இழுங்கள்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாள் முழுக்க மலையில் நின்று, சமைத்து, பிள்ளைகளைப் படுக்க வைத்த பிறகு மங்கல் வெளிச்சத்தில் ஊசியை எடுக்கிறோம். கண் சொக்குகிற நேரத்தில்தான் குத்துகிறது. அக்காவுக்குக் குத்தியபோதும் இரவு பதினொரு மணி. முடிந்த மட்டும் பகல் வெளிச்சத்தில் வாசலோரம் இருந்து தையுங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஊசியைக் குத்தி வைத்துவிட்டு விரல்களை விரித்து மடக்குங்கள். கொழுந்து எடுத்த விரலுக்கு ஊசியும் அதே கிள்ளு வேலைதான், ஓய்வு வேண்டும்.

அப்படியும் குத்திவிட்டால்? வாயில் வைக்காதீர்கள். கொஞ்சம் இரத்தம் வர விட்டு, ஓடுகிற தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் கழுவித் துடைத்து, சுத்தமான துணியோ பிளாஸ்டரோ போடுங்கள். சுண்ணாம்பு, புகையிலை, சாணி, கோப்பித்தூள் எதுவும் வேண்டாம். துணியில் பட்ட இரத்தத்தைப் பச்சைத் தண்ணீரில் அலசினால் போகும். சுடுதண்ணீர் பட்டால் கறை நின்றுவிடும்.

பிறகு விரலைக் கவனியுங்கள். சிவப்பு பரவினால், விண் விண் என்று தெறித்தால், வீங்கி மடக்க முடியாமல் போனால், கையில் சிவப்புக் கோடு மேலே ஏறினால், காய்ச்சல் வந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். டிஸ்பென்சரிக்கோ ஆஸ்பத்திரிக்கோ போங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் சிறு காயத்தையும் காட்டிவிட வேண்டும். அவர்களுக்குச் சீக்கிரம் பழுக்கும், ஆறத் தாமதமாகும். துருப்பிடித்த ஊசியோ மண் பட்ட ஊசியோ குத்தினால் ஏற்புவலித் தடுப்பூசியைப் பற்றிக் கேளுங்கள். பிள்ளை சுமந்தபோது போட்ட ஊசிகள் கிளினிக் கார்டில் எழுதியிருக்கும். கார்டையும் கொண்டு போங்கள்.

ஊசி உடைந்து உள்ளே நின்றுவிட்டால் இன்னொரு ஊசியால் கிண்டி எடுக்கப் பார்க்காதீர்கள். அது இன்னும் ஆழமாய்ப் போகும். கையில் மிஞ்சிய துண்டையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வைத்தியர் அறிய அது உதவும். காலில் முள் எடுக்கிற ஊசியையும் தைக்கிற ஊசியையும் கலக்க வேண்டாம். ஒருவருக்கு முள் எடுத்த ஊசியை அப்படியே இன்னொருவருக்கும் எடுத்தால் நோய் பரவும்.

கடைசியாக ஊசியை வைக்கிற இடம். சட்டையில் குத்தி வைப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். பால் குடிக்கிற பிள்ளை மடிக்கு வரும்போது அந்த ஊசி எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உதட்டில் கவ்வுவதும் வேண்டாம். ஒரு இருமலில் உள்ளே போய்விடும். தைக்கத் தொடங்கும்போது ஊசியை எண்ணுங்கள், எழும்பும்போதும் எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அது கிடைக்கும்வரை அங்கே பாய் விரிக்க வேண்டாம். உடைந்த ஊசிகளை மூடி உள்ள போத்தலில் போட்டு வையுங்கள். குப்பையிலும் வாசலிலும் எறிந்தால் ஒரு பிள்ளையின் காலில்தான் அது ஏறும்.

இவ்வளவு சொன்னதில் ஒன்றை மட்டும் இன்றைக்கே செய்வோம் என்றால், ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு தையல் டின் வைப்போம். ஒரு விரற்பூண், ஒரு பக்கெட் ஊசி, பிளாஸ்டர், மெழுகுதிரித் துண்டு, டியூப் துண்டு, ஒரு சிறு போத்தல். நாலைந்து பேர் காசு சேர்த்தால் பெரிய செலவில்லை. ஒரு நாள் பேர் போவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

அந்தப் போர்வை என்ன ஆனது என்று கேட்பீர்கள். பிள்ளை பிறந்து பத்து நாள் கழித்துத்தான் முடித்துக் கொடுத்தோம். அக்கா ஒரு கையில் கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் ஆறு பேருக்கும் நூல் கோர்க்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டார். அவருடைய விரல் நுனி இன்றைக்கும் மரத்துப் போய்த்தான் இருக்கிறது. கொழுந்தைக் கிள்ளும்போது அந்த விரலுக்குத் தெரிவதில்லை, கண்ணால் பார்த்துத்தான் கிள்ளுகிறேன் என்கிறார். இப்போது அவர் கையில் தோல் உறை இருக்கிறது. வீட்டுக்கார அண்ணனின் பழைய சப்பாத்தில் வெட்டியது. புதிதாகத் தைக்க வருகிற பிள்ளைகளுக்கு ஊசியைக் கொடுக்குமுன் அந்த உறையைத்தான் முதலில் கொடுக்கிறார்.

உங்கள் வீட்டிலும் ஊசியை எடுக்குமுன் உறையை எடுங்கள்.