ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகு
(மும்பை செம்பூரில் அங்கத்தினர் குடும்பங்கள் கூடியபோது ஆற்றிய உரை)

 

நம் வீடுகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. குழந்தைக்கு ஆயுஷ்ஹோமம், தாத்தாவுக்கு சஷ்டியப்தபூர்த்தி என்று வந்தால், "அனாதை ஆசிரமத்தில் ஒரு வேளை சாப்பாடு போட்டுவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். உத்தமமான எண்ணம். அந்த ஒரு வேளைக்குப் பிறகு என்ன என்பதைப் பற்றித்தான் சில வார்த்தைகள் சொல்ல வந்தேன்.

இதற்காக நாம் தூரம் போக வேண்டியதில்லை. மாதுங்காவில் ஷ்ரத்தானந்த மஹிளாஷ்ரமம் இருக்கிறது. சுவாமி ஷ்ரத்தானந்தர் நினைவாக 1920களில் தொடங்கியது. செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் கோவண்டி தாண்டினால் மான்குர்டு. அங்கே, 1927ல் ஏற்பட்ட சில்ட்ரன்ஸ் எய்ட் சொசைட்டியின் குழந்தைகள் இல்லம் இருக்கிறது. குழந்தைகளுக்கான 1098 தொலைபேசி உதவி, 1996ல் நம் தேவ்னாரில் உள்ள டாடா சமூக அறிவியல் கழகத்தின் முயற்சியாகத்தான் பிறந்தது.

நம்மவர்களுக்கும் இது புதிதல்ல. தாமே பால்ய விதவையான சகோதரி சுப்பலக்ஷ்மி, 1912ல் சென்னையில் இளம் விதவைகளுக்கு இல்லம் தொடங்கினார். சோறு போட்டதோடு நிற்கவில்லை. கூடவே இருந்தார், படிக்க வைத்தார், பலரை ஆசிரியைகளாக்கினார்.

முதலில் 'அனாதை' என்ற சொல்லை விட்டுவிடுவோம். இந்த இல்லங்களில் இருக்கும் பல குழந்தைகளுக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள். வறுமை, வியாதி, குடி என்று ஏதோ ஒன்று பிரித்திருக்கிறது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பது 2015ஆம் வருஷத்திய இளைஞர் நீதிச் சட்டத்தின் கொள்கை. ருமேனியாவில் 2000ல் தொடங்கிய ஓர் ஆய்வும் இதையே காட்டியது. இல்லங்களிலிருந்து சிறு வயதிலேயே வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன குழந்தைகள், அங்கேயே இருந்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். குழந்தைக்குத் தேவை, மாறாத சில முகங்கள்.

அதனால்தான் சொல்கிறேன்: ஒரு நாள் கும்பலாகப் போய், லட்டு கொடுத்து, கொஞ்சிவிட்டு மறைந்து போகாதீர்கள். இல்லப் பொறுப்பாளரிடம் அனுமதி பெற்று, வாரம் ஒரு மணி நேரம், குறைந்தது ஆறு மாதம் போவதென்று குடும்பமாகத் தீர்மானியுங்கள். ரிடையரான மாமா கணக்கு சொல்லித் தரலாம். மாமி கதை சொல்லலாம், கோலமும் பாட்டும் கற்றுத் தரலாம். நம் பிள்ளைகள் அவர்களோடு கேரம் ஆடட்டும், தோற்கட்டும். "பார், நீ எவ்வளவு அதிர்ஷ்டசாலி" என்று அங்கே வைத்து நம் குழந்தைக்கு உபதேசம் செய்யாதீர்கள். கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தையின் மனம் என்ன பாடுபடும்!

இன்னும் சில விஷயங்கள். போட்டோ எடுக்கவே கூடாது. அந்தக் குழந்தைகளின் பெயரையோ படத்தையோ வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது. எந்தக் குழந்தையையும் தனியாக அழைத்துப் போகாதீர்கள். "அடுத்த வாரம் வருகிறேன்" என்று சொன்னால் வர வேண்டும். முடியாது என்றால் முன்னதாகச் சொல்லி அனுப்புங்கள். அவர்கள் ஏற்கெனவே நிறைய பேருக்காகக் காத்திருந்தவர்கள்.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது. பதினெட்டு வயது நிறைந்தால் இல்லத்தை விட்டு வெளியேற வேண்டும். 21 வயது வரை பின்கவனிப்பு உதவிக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் உதவித்தொகை மட்டும் போதுமா? நம் பிள்ளைக்குப் பதினெட்டு வயதானால் எந்தக் கல்லூரி, எந்த ஹாஸ்டல், பேங்க் கணக்கு எப்படித் திறப்பது என்று சொல்ல அப்பா, சித்தப்பா, மாமா என்று பத்துப் பேர் இருக்கிறார்கள். அங்கே இருக்கும் பெண்ணுக்கு அதே பிறந்த நாள் பயத்தோடு வருகிறது.

இங்கேதான் நம் சங்கத்தின் பலம் உதவும். நம் அங்கத்தினர்களில் பேங்க்காரர்கள், ஆடிட்டர்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பல ஊர்களிலும் இருக்கிறார்கள். மும்பையில் வளர்ந்த பையனுக்குப் புனேயிலோ சென்னையிலோ வேலை கிடைத்தால், "ஸ்டேஷனிலிருந்து எப்படிப் போவது, எங்கே தங்குவது, முதல் மாதச் சம்பளம் வரும் வரை என்ன செய்வது" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக நாம் இருக்கலாம். இதற்குப் பெரிய நிதி திரட்ட வேண்டாம். போன் வந்தால் எடுத்துப் பேச வேண்டும்.

இதைப் படிக்கும் வெளியூர் அங்கத்தினர்களுக்கும் என் வேண்டுகோள் இதுவே. உங்கள் ஊரில் பதிவு பெற்ற இல்லம் எது என்று விசாரியுங்கள். இந்த வருஷம் பதினெட்டு நிறையப் போகிறவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன தேவை என்று பொறுப்பாளரைக் கேளுங்கள். அன்னதானம் வழக்கம்போல் நடக்கட்டும். அதோடு அந்த ஒரு கேள்வியையும் கேட்டுவிட்டு வாருங்கள்.