ஓட்டமும் தோழமையும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)

 

 

இவ்வாண்டு வரவு செலவுக் கணக்கோடு கேள்வி ஒன்றும் கமிட்டியின் முன் வந்துள்ளது. ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் நம் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் ஒன்றுசேர்ந்து ஓடச் செல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் படிப்பவர்களும் கல்லூரி மாணவர்களும் அவர்களில் உள்ளனர். "உட்கார்ந்து குர்ஆன் ஓத வேண்டிய நேரத்தில் ஓட்டம் எதற்கு? ஹஜ்ரத் இதைக் கண்டிக்க வேண்டாமா?" என்று பெரியவர்கள் சிலர் நம்மிடம் கேட்டார்கள். பள்ளிவாசலின் மீதுள்ள அக்கறையினால் கேட்ட கேள்வி அது. ஆகவே விடையும் அதற்குரிய மரியாதையோடு அமைய வேண்டும்.

முதலில் மார்க்கத்தின் பக்கம் பார்ப்போம். ஹுதைபிய்யா உடன்படிக்கைக்கு அடுத்த ஆண்டு, ஹிஜ்ரி 7இல், நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களோடு உம்ராவுக்காக மக்கா வந்தார்கள். மதீனாவின் காய்ச்சல் இவர்களைத் தளர்த்திவிட்டது என்று மக்காவாசிகள் பேசிக்கொண்டனர். தவாஃபின் முதல் மூன்று சுற்றுகளில் தோள்களைக் குலுக்கி, அடிகளை நெருக்கி வைத்து விரையும்படி தோழர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். இன்றும் ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்லும் ஆண்கள் ‘ரமல்’ என்ற பெயரில் செய்வது இதைத்தான். ஏழு சுற்றிலும் அவ்வாறு செய்யும்படி ஏன் சொல்லவில்லை? தோழர்களின் மீது கொண்ட இரக்கம் ஒன்றுதான் காரணம் என்கிறார்கள் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள். ஸஹீஹுல் புகாரியில் இது பதிவாகியுள்ளது. உலகுக்கு வலிமையைக் காட்ட வேண்டிய நாளிலும், கூட்டத்தில் இளைத்தவர் இருப்பார் என்பதை மறவாமல் மூன்று சுற்றோடு நிறுத்தினார்கள். இந்த இரக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இதனிடம் வருவோம்.

ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்களின் வரலாற்றை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். நபி (ஸல்) அவர்களின் ஒட்டகங்களைக் கொள்ளையர் ஓட்டிச் சென்றபோது, குன்றின் மீதேறி மதீனாவை நோக்கி மும்முறை கூவி எச்சரித்துவிட்டு, குதிரையின்றிக் காலாலேயே அவர்களைத் துரத்தியவர் அவர். துரத்தலுக்கு ஆற்றாமல் கொள்ளையர் தம் சுமையைக் குறைக்க முப்பது போர்வைகளையும் முப்பது ஈட்டிகளையும் எறிந்துவிட்டு ஓடினர் என்று முஸ்லிமில் வருகிறது. காலாட்களில் சிறந்தவர் ஸலமா என்று நபி (ஸல்) அவர்களே பாராட்டினார்கள்.

நம் பேச்சுக்கு அதைவிடப் பொருத்தமானது திரும்பும் வழியில் நடந்தது. அன்ஸாரிகளில் ஒருவர், ஓட்டத்தில் எவரும் அவரை வென்றதில்லை. "மதீனா வரை என்னோடு ஓட யாரேனும் உண்டா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நபி (ஸல்) அவர்களின் ஒட்டகத்தில் பின்னால் அமர்ந்திருந்த ஸலமா அனுமதி கேட்டார். உன் விருப்பம் என்றார்கள் நபியவர்கள். ஸலமா குதித்திறங்கி ஓடினார். முதலிரண்டு மேடுகளில் மூச்சைச் சேமித்துப் பின்தங்கினார். பிறகு வேகத்தைக் கூட்டி, அந்த அன்ஸாரியை எட்டிப் பிடித்து, அவருடைய இரு தோள்களுக்கும் நடுவே தட்டி, "நீர் முந்தப்பட்டுவிட்டீர்" என்றார். அவரும் ஒப்புக்கொண்டார். மூன்று இரவுகள் மட்டுமே மதீனாவில் தங்கினர். அதன்பின் கைபர் போருக்குப் புறப்பட்டார்கள். கொள்ளையரைத் துரத்திய களைப்பும் நீங்கவில்லை, அடுத்த போரும் காத்திருக்கிறது. இடையில் இரண்டு தோழர்கள் ஓட்டப் பந்தயம் வைக்கிறார்கள். அல்லாஹ்வின் தூதர் அதைத் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு தாமே ஓடி, முதலில் தோற்று, பின்னொரு நாள் வென்று, அதற்கு இது ஈடு என்று சிரித்தவர்கள் அல்லவா!

ஆனால் ஓரிடத்தில் ஓடக்கூடாது என்றும் அவர்களே தடுத்தார்கள். இகாமத் சொல்லப்பட்டால் தொழுகைக்கு ஓடி வராதீர்கள், அமைதியாக நடந்து வாருங்கள், கிடைத்ததைத் தொழுது, தவறியதை நிறைவு செய்யுங்கள் என்பது நபிமொழியின் கருத்து. ஹவ்ளின் ஓரத்திலிருந்து ருகூஉவைப் பிடிக்கத் தடதடவென்று ஓடிவரும் நம் நடுவயதுக்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பிள்ளைகளை ஓடாதே என்பதற்கு முன்னால் நாம் நிறுத்த வேண்டிய ஓட்டம் அதுதான்.

இனி, நாம் ஏன் இப்பிள்ளைகளின் பக்கம் நிற்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு மத்ரஸாவில் ஓதிய காலத்தைத் தொடாமல் இயலாது.

அப்போது நாங்கள் ஐவர். விடுதியில் அடுத்தடுத்துப் பாய் விரித்தவர்கள். ஃபஜ்ருக்குப் பின் முதல் பாடம் தொடங்கும் வரை கிடைக்கும் இடைவெளியில், உஸ்தாதின் அனுமதியோடு, ஊருக்கு வெளியேயுள்ள ஒரு மைல்கல் வரை ஓடிவிட்டு நடந்து திரும்புவோம். ஐவரில் ஒருவருக்கு இரைப்பு நோய். முதல் வாரத்தில் நால்வர் முன்னால் செல்வதும் அவர் எங்கோ பின்னால் வருவதுமாக இருந்தது. செய்தி உஸ்தாதின் காதுக்கு எட்டியது. அவர் கடிந்துகொள்ளவில்லை. அன்றைய ஹதீஸ் பாடத்தில் உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்களின் செய்தியை எடுத்தார். தம் கூட்டத்தாருக்கு இமாமாக நியமிக்கும்படி அவர் கேட்டபோது, அவர்களில் மிகவும் பலவீனமானவரை அளவாகக் கொண்டு நடத்தும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். பாடம் முடிந்ததும் உஸ்தாத் எங்கள் ஐவரையும் ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். மறுநாள் முதல் இரைப்புக்காரர் முன்னால் ஓடினார், நால்வரும் அவர் பின்னால். அவர் நின்றால் நின்றோம். வேகம் குறைந்தது, ஆனால் பாதி வழியில் திரும்புவது நின்றுபோயிற்று.

திரும்பும்போது நடையில் மூச்சு சீராகும். அவ்வேளையில் ஹிஃப்ளு செய்தவர் ஓத, மற்றவர்கள் கேட்டுத் திருத்துவோம். அறைக்குள் உட்கார்ந்து ஓதியபோது பாதியில் அறுந்த நீண்ட ஆயத்துகள், சில மாதங்களில் ஒரே மூச்சில் வக்ஃபு வரை சென்றன. ஓட்டத்தினால் ஓதல் கெடும் என்பவர்களுக்கு இதை மட்டும் சொல்லிக்கொள்கிறோம்.

மூன்றாம் ஆண்டில் எங்களில் ஒருவரின் தந்தை, டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தவர், உடல் முடங்கிப் படுத்துவிட்டார். மகன் ஓதலை விட்டுவிட்டு அதே வேலைக்குச் சென்றார். கடிதம் எழுதினோம், பதிலில்லை. தொழுகைக்கும் வருவதில்லை என்று அவ்வூரார் ஒருவர் மூலம் அறிந்தோம். ஒரு வியாழன் மாலை நால்வரும் பஸ் ஏறி அவ்வூர் சென்று, பள்ளிவாசலில் தங்கி, ஃபஜ்ர் பாங்குக்கு முக்கால் மணி நேரம் முன்பு அவர் வீட்டுக் கதவைத் தட்டினோம். ஏன் மத்ரஸாவை விட்டாய் என்றோ, தொழ வா என்றோ எவரும் சொல்லவில்லை. இரைப்புக்காரர் மட்டும், "ஓட வர்றியா?" என்றார். லுங்கியை மாற்றிக்கொண்டு வந்தார். அன்றும் இரைப்புக்காரரே முன்னால் ஓடினார். ஊரெல்லை வரை ஓடி, திரும்பி நடக்கையில் பாங்கு கேட்டது. கால்கள் தாமாகப் பள்ளிவாசல் பக்கம் திரும்பின. அவர் ஆலிம் ஆகவில்லை. தோல் தொழிலிலேயே தங்கிவிட்டார். ஆனால் முதல் ஸஃப்பில் அவரில்லாத ஃபஜ்ரை அவ்வூரில் காண்பது அரிது. ஆண்டுக்கொரு முறையேனும் ஐவரும் சந்திக்கிறோம். ஓட்டம் இப்போது நடையாகிவிட்டது!

ஜமாஅத்தார்களே, நம் ஊர்ப் பிள்ளைகள் நம் கைவிட்டுப் போகும் வயது எது? அத்தாவின் விரலைப் பிடித்து வந்தவன் மக்தபில் குர்ஆனை முடிக்கும்வரை நம்மோடிருக்கிறான். அதன்பின் டியூஷன், பரீட்சை, கைப்பேசி. பதினான்கு வயதில் கடைசி ஸஃப்புக்கு வருகிறான். பதினாறில் ஜும்ஆவுக்கு மட்டும் வருகிறான். சிலர் படிப்பை நிறுத்தி ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளுக்கோ பெங்களூருக்கோ சென்றுவிடுகிறார்கள். அந்த வயதில் அவனைப் பிடித்து வைத்திருப்பது நம் பயான் அன்று, அவனுடைய தோழன்தான். நல்ல தோழனைக் கஸ்தூரி விற்பவனுக்கும், தீய தோழனைக் கொல்லனின் துருத்திக்கும் நபி (ஸல்) அவர்கள் உவமை சொன்னார்கள். தோலின் வாடையில் பிறந்து வளர்ந்த நமக்கு, பக்கத்திலிருப்பது உடம்பில் ஒட்டும் என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

தோழமை, பேச்சில் உண்டாவதைவிடச் சேர்ந்து மூச்சு வாங்குவதில் விரைவாக உண்டாகிறது. 2023 ஆகஸ்டில் புடாபெஸ்டில் நடந்த உலகத் தடகளப் போட்டியில், முஹம்மது அனஸ், அமோஜ் ஜேக்கப், முஹம்மது அஜ்மல், நம் தமிழகத்தின் ராஜேஷ் ரமேஷ் ஆகிய நால்வர் 4×400 மீட்டர் தொடரோட்டத்தை 2 நிமிடம் 59.05 வினாடியில் முடித்து ஆசியச் சாதனை படைத்தார்கள். தகுதிச் சுற்றில் அமெரிக்க அணிக்கு அடுத்து இரண்டாவதாக வந்தார்கள். அதே அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்நால்வரே தங்கம் வென்றார்கள். 1962இல் மில்கா சிங் இடம்பெற்ற அணிக்குப் பின் இந்திய ஆண்கள் இவ்வோட்டத்தில் பெற்ற முதல் தங்கம் அது. தொடரோட்டத்தில் ஒருவரின் வேகம் மட்டும் போதாது. ஓடிவந்தவர் நீட்டும் கோலை அடுத்தவர் நழுவவிட்டால் நால்வரின் உழைப்பும் வீண். வெவ்வேறு வீடுகளில் பிறந்தவர்கள் ஒரு கோலை நம்பிக் கைமாற்றுவதை நம் பிள்ளைகள் பார்ப்பது நல்லது. பள்ளிக்கூடத்தில் உடன் படிக்கும் மாற்றுமதச் சகோதரர்களும் நம் பிள்ளைகளோடு ஓட வருகிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறோம். அதில் நமக்கு மகிழ்ச்சியே.

பெரியவர்களின் கவலையில் நியாயமான பகுதியும் உண்டு. முழங்கால் தெரியும் அரைக்கால்சட்டை கூடாது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லியாயிற்று, ஏற்றுக்கொண்டார்கள். ஒரு பக்கமேனும் குர்ஆன் ஓதிவிட்டே புறப்பட வேண்டும் என்றோம், அதற்கும் சம்மதித்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு என்ன வழி என்று ஒரு தாயார் கேட்டனுப்பினார். அன்னை ஆயிஷா (ரலி) ஓடிய மார்க்கத்தில் அது கேட்கத் தகுந்த கேள்விதான். பெண்கள் மத்ரஸாவின் உள்முற்றத்தை மாலை ஒரு மணி நேரம் அவர்களுக்கு ஒதுக்கலாம் என்பது நம் கருத்து.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் உள்ளது. பிள்ளைகள் இப்போது ஓடுவது சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் ஓரத்தில். ஏலகிரி மலைக்குப் பின்னிருந்து வெளிச்சம் வருமுன், இரவெல்லாம் உறங்காத லாரி ஓட்டுநர்கள் விரைந்து வரும் நேரம் அது. தோல் வணிகத்தில் ஈட்டியதைக் கல்விக்கு ஈந்தவர்கள் நம் பகுதியின் முன்னோர். 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. 1924இல் உமராபாத்தில் காக்கா முஹம்மது உமர் சாஹிப் அவர்கள் ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவினார்கள். அந்தப் பரம்பரையில் வந்த நாம், நம் மாணவர்கள் அச்சமின்றி ஓட ஒரு பாதை தரக்கூடாதா?

ஈத்காவை விளையாட்டுத் திடலாக்கும்படி நாம் கேட்கவில்லை. அது தொழுகைக்கென வக்ஃபு செய்யப்பட்ட இடம். அந்நோக்கம் காக்கப்பட வேண்டும். மதிலுக்கு வெளியே சுற்றிலும் ஜமாஅத்துக்குச் சொந்தமான மண்பாதை இருக்கிறது. கருவேல முள்ளும் குப்பையும் மண்டிக் கிடக்கும் அதைச் சுத்தம் செய்து, இரண்டு விளக்குகள் போட்டுத் தந்தால் போதும். முள்ளை வெட்டுவதற்குப் பிள்ளைகளே தயாராக உள்ளனர். கமிட்டி இக்கூட்டத்திலேயே இதற்கு அனுமதி வழங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

ஷூ கம்பெனிக்குச் செல்லும் பிள்ளைகள் மூவர் இக்குழுவில் உள்ளனர். காலை ஷிஃப்டுக்கு வேன் சீக்கிரமே வந்துவிடுவதால் மற்ற நாள்களில் அவர்களால் ஓட இயலாது. அவர்களை விட்டுவிடக்கூடாது என்று மாணவர்களே பேசி, ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மூவரும் சேர்ந்துகொள்ளும்படி நீண்ட ஓட்டம் வைத்திருக்கிறார்கள். வருகிற ஞாயிறு ஃபஜ்ருக்குப் பின் பள்ளிவாசல் வாசலில் கூடுகிறார்கள். நடக்க முடிந்த பெரியவர்களும் உடன் வரலாம்; பின்தங்குபவருக்காக நிற்பது என்று முன்பே தீர்மானித்துவிட்டார்கள்.