தைப்பிங் அரும்பொருளகம் கண்டு திரும்பியபின்

(தோட்டச் சமூக மண்டபம் ஒன்றில் செய்தித்துறை அதிகாரி ஆற்றிய உரை)

விடுமுறை நாள்களில் பேருந்து அமர்த்திக்கொண்டு குடும்பம் குடும்பமாகச் சுற்றுலா செல்வது நம் தோட்டங்களில் நெடுநாளைய வழக்கம். பேராக் பக்கம் போவதென்றால் தைப்பிங் நகரம் கட்டாயம் பட்டியலில் இருக்கும். ஏரிப் பூங்காவையும் விலங்குத் தோட்டத்தையும் பார்ப்பார்கள், கட்டுச்சோற்றை அவிழ்ப்பார்கள். அரும்பொருளகமோ, மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்கும் இடமாகவே பலருக்குப் பயன்பட்டு வந்திருக்கிறது. தைப்பிங் மழைக்குப் பெயர்போன ஊர். ஆதலால், அந்த வகையில் அரும்பொருளகம் கண்டவர் தொகை ஒன்றும் குறைவானதன்று.

அண்மையில் ஒரு தோட்டத்து மக்கள் நாற்பது பேருடன் நானும் அங்குச் சென்றேன். அன்று மழை இல்லை. அரும்பொருளகம் காண்பதற்கென்றே போயிருந்தோம். அவர்கள் அங்கே கண்டவற்றையும், திரும்பும் வழியில் பேருந்தில் எழுந்த ஒரு கேள்வியையும் உங்களிடம் சொல்லவே இன்று வந்தேன்.

முதலில் அவ்விடத்தைப் பற்றிச் சிறிது கூறுகிறேன். நம் நாட்டின் அரும்பொருளகங்களுள் மிகப் பழமையானது அதுதான். 1883ஆம் ஆண்டில், அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த சர் ஹியூ லோ அதனைத் தோற்றுவித்தார். லியோனார்ட் ரே என்பவர் அதன் முதற் காப்பாளர். செடிகொடிகளையும் மண்ணின் கனிமங்களையும் ஆராய்ந்தவர். இன்று நாம் காணும் கட்டடத்தின் முதற்பகுதி 1886இல் எழுந்தது; பின்னர்ச் சில தடவை விரிவாக்கப்பட்டது. சாலைக்கு அந்தப் பக்கம் தைப்பிங் சிறைச்சாலை. அது 1879இல் கட்டப்பட்டது. ஒரு பக்கம் மனிதரையும் மறுபக்கம் பொருள்களையும் காவலில் வைத்திருக்கிறார்கள் என்று எங்களுடன் வந்த ஓட்டுநர் சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் பிள்ளைகளின் கால்கள் விலங்குகள் இருந்த பக்கமே போயின. பாடம் செய்யப்பட்ட விலங்குகளையும் எலும்புக் கூடுகளையும் கண்டு அவர்கள் வியந்து நிற்க, பெரியவர்கள் அவ்வளவாக வியக்கவில்லை. விடியற்காலையில் தலைவிளக்கு வெளிச்சத்தில் நிரைக்குள் கால்வைப்பவருக்குப் பாம்பு புதிதன்று. கண்ணாடிக்குள் இருந்தபோதும் இரண்டு தாய்மார்கள் சற்று விலகியே நடந்தார்கள்!

கிரீசுகளின் முன்னும் பொன்னிழைத் தையல் வேலைப்பாடுகளின் முன்னும் ஆண்களும் பெண்களும் தனித்தனியே கூடினர். கரிய நிறமுடைய சுரைக்காய் வடிவ நீர்க்குடத்தை, லாபு சாயோங் என்பதை, எல்லாரும் உடனே அறிந்துகொண்டார்கள். கோலகங்சாருக்கு எதிர்க்கரையிலுள்ள சாயோங் கிராமத்தின் கைவண்ணம் அது. எங்கள் வீட்டு மண்பானையில் தண்ணீர் குளிர்வதுபோலத்தான் அதிலும் குளிரும் என்று ஓர் அம்மையார் பக்கத்தில் நின்ற மலாய் மாதிடம் மலாய்மொழியிலேயே சொல்ல, அவ்விருவரும் பானைகளைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர்.

ஆனால் எங்கள் கூட்டம் உண்மையில் நின்று பார்த்த இடம், நாட்டின் பூர்வகுடி மக்களாகிய ஓராங் அஸ்லி மக்களின் பொருள்கள் இருந்த பகுதியே. அங்கே ஊதுகுழல்களும் அம்புகளும் இருந்தன. அம்பு முனையில் தடவும் நஞ்சு எங்கிருந்து வருகிறதென்று ஓர் இளைஞர் கேட்டார். ஈப்போ நகருக்குப் பெயர் தந்த ஈப்போ மரத்தின் பால் அது; மரப்பட்டையில் கீறல் போட்டு, வடியும் பாலைச் சேர்த்து, தீயில் வாட்டிக் கெட்டியாக்கி அம்பில் தடவுவார்கள் என்றேன். முப்பது ஆண்டுக்கு மேல் பால்வெட்டி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர், அதுவரை ஒன்றும் பேசாமல் வந்தவர், “அப்படியானால் நமக்கு முன்னாலேயே இவர்கள் பால்வெட்டுக்காரர்கள்தானே, ஐயா!” என்றார். நான் ஆசிரியர் பயிற்சி பெற்றவன். பல வகுப்பறைகளில் பாடம் நடத்தியவன். இவ்வளவு சுருக்கமாக இதனை எடுத்துச் சொல்ல எனக்குத் தோன்றியதில்லை.

அவர் சொன்னதில் இன்னும் ஒரு செய்தி அடங்கியிருக்கிறது. இரப்பருக்கு முன்பே இந்நாட்டுக் காடுகளில் மரப்பால் எடுக்கும் தொழில் இருந்தது. கெத்தா பெர்ச்சா எனப்படும் பால், கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் பயன்பட்டது. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் போடப்பட்ட கம்பிக்கும் அதுவே உறை. ஆனால் அந்தப் பாலை எடுக்க மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். ஆகவே மரங்கள் அழிந்துகொண்டே வந்தன. மரத்தைச் சாய்க்காமல், உயிருள்ள உட்பகுதியில் கத்தி படாமல், பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பால் எடுத்து, அதே பட்டை மீண்டும் வளர இடங்கொடுக்கும் முறை இரப்பருக்கு அமைந்தது. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, அம்முறையைச் சோதித்து வகுத்தார். அவர் முறையை வகுத்தார் என்பது மெய்யே. அந்த நுட்பத்தை நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் பிசகாமல் செய்துகாட்டியவை நம் முன்னோரின் கைகள். புத்தகத்தில் ரிட்லியின் பெயர் இருக்கிறது. கைகளின் பெயர்கள் இல்லை.

அரும்பொருளகத்தில் பெரும்பாலோர் பாராமல் போவது, பொருளின் பக்கத்திலுள்ள சிறு குறிப்பு அட்டைதான். அன்று ஒரு சிறுவன் அட்டைகளை மலாயில் படித்து, தன் பாட்டிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். அட்டை தோறும் எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது என்று அந்த மூதாட்டி விடாமல் கேட்டுவந்தார். பேருந்து புறப்பட்டபின் அவர் என் பக்கம் திரும்பிக் கேட்டதாவது: “எல்லாச் சாமானும் யாரோ வச்சிருந்து கொடுத்ததுதானே ஐயா? நம்மகிட்ட கேட்டா நாம எதைக் கொடுப்போம்?”

இதுதான் நான் சொன்ன கேள்வி. பேருந்தில் இருந்த நாற்பது பேரையும் விசாரித்தோம். பாட்டன் காலத்துப் பால்வெட்டுக் கத்தி யார் வீட்டில் இருக்கிறது? இரண்டு பேர் கைதூக்கினர். மங்கு? ஒன்று இருக்கிறது, அதில் கற்றாழை வளர்கிறது என்றார் ஒருவர். காண்டா? அடுப்பெரிந்து போயிற்று. கப்பலில் வந்த தகரப்பெட்டி? கோழிக்கூட்டின் அடியில் ஒன்று கிடக்கிறதாம், மூடி இல்லை. பழைய படங்கள் இரண்டு மூன்று வீடுகளில் இருந்தன. ஆனால் படத்தில் இருப்பவர் யார் யார் என்று சொல்லக்கூடிய தாத்தா இறந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. பெரும்பாலான பொருள்கள், தோட்டம் கைமாறியபோதும், இரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோதும், லயங்களை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோதும், பழைய இரும்பு வாங்குகிறவரிடம் நிறுத்துப் போடப்பட்டவை.

குடிபெயரும் அவசரத்தில் இருப்பவர் பழைய கத்தியைக் கட்டிக்கொண்டு போவாரா? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனினும் காலம் நமக்காகக் காத்திருக்கப் போவதில்லை. ஆட்களைத் தருவிக்க 1907இல் நிதி அமைத்தார்கள். 1910இல் ஒப்பந்தக் கூலி முறைக்கு முடிவு கட்டச் சட்டம் வந்தது. அதன் பின்னும் கங்காணிமார் மூலம் ஆள்கள் வந்தனர். உதவி பெற்று வரும் அந்தக் குடியேற்றத்தை இந்திய அரசாங்கம் 1938இல் நிறுத்தியது. நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்களுள் மிகச் சிலரே இன்று நம்மோடு இருக்கிறார்கள். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத்து இளைஞர் ஒருவருக்கு அன்று இருபது வயதென்றால், இன்று நூறு கடந்திருக்கும். அவருடைய பிள்ளைகளே முதுமை அடைந்துவிட்டார்கள். 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் வேலைக்குச் சோறு கொண்டுபோகக் கூடாதென்று தோட்டத்து வாயிலில் சோதனையிட்ட நாள்களை நேரில் அறிந்தவர்கள் இன்னும் சிலர் நம் இடையே உண்டு. அவர்களிடம் இப்போதே கேட்க வேண்டும்.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். அந்த மூதாட்டியே பேருந்தில் ஒரு வழி காட்டினார். சீர்வரிசையாக வந்த பித்தளைப் பாத்திரங்களில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுவது நம் வழக்கமல்லவா? தம் மாமியாரின் குடத்தில் பெயரும் ஊரும் வெட்டியிருந்ததாகவும், புளிபோட்டுத் தேய்த்துத் தேய்த்து எழுத்து மழுங்கிவிட்டதாகவும் சொன்னார். யாருடையது, எந்த ஊர் என்று பொருளின் மேலேயே எழுதிவைக்கும் வழக்கம் நம்மிடம் முன்பே இருந்திருக்கிறது. அப்படிப்பட்ட பாத்திரம் உங்கள் வீட்டில் இருந்தால், பெயருள்ள இடத்தைப் புளியாலும் சாம்பலாலும் தேய்க்காதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

பழைய படங்களின் பின்புறம் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், பெயர்களையும் தோட்டத்தின் பெயரையும் எழுதுங்கள். பேனா மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். சம்பளச் சீட்டு, கப்பல் சீட்டு, பழைய அடையாளக் கார்டு போன்ற தாள்களைப் பசைபோட்டு ஒட்டவும் வேண்டாம். பிளாஸ்டிக்கில் வைத்து உருக்கி மூடவும் வேண்டாம். கறையானும் ஈரமும் எட்டாத உயரத்தில், உலர்ந்த பெட்டியில் வையுங்கள். கத்தியோ, மங்கோ, வாளியோ இருந்தால், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், யார் பயன்படுத்தியது, ஏறக்குறைய எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதிக் கயிற்றால் கட்டிவிடுங்கள். குறிப்பில்லாத கத்தி, ஏதோ ஒரு கத்திதான். எந்த அரும்பொருளகத்திற்குக் கொண்டுபோனாலும் அவர்கள் முதலில் கேட்பதும் இவற்றைத்தான்.

இளைஞர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் கைப்பேசியில் பாட்டுக் கேட்கும் நேரத்தில் ஒரு பகுதியைத் தாத்தா பாட்டியின் பேச்சைப் பதிவு செய்யச் செலவிடுங்கள். பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தார்கள், ஆயாக்கொட்டகையில் பிள்ளைக்கு என்ன கொடுத்தார்கள், ஒட்டுப்பால் எப்படி நிறுத்தார்கள் என்று சிறு சிறு கேள்வியாகக் கேளுங்கள். “உங்கள் வரலாற்றைச் சொல்லுங்கள்” என்று கேட்டால் அவர்கள் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள்.

திரும்பும் வழியில் கோலகங்சாரில் இறங்கினோம். 1876இல் விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகள் இலண்டனில் முளைத்தன. அவற்றின் வழிவந்த 22 நாற்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் சில கோலகங்சாரில் சர் ஹியூ லோவின் மாளிகை வளாகத்தில் நடப்பட்டன. அரும்பொருளகத்தைத் தோற்றுவித்த அதே லோதான். அந்நாளைய மரங்களுள் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. ஓய்வுபெற்ற பால்வெட்டுக்காரர் அதனை இருமுறை சுற்றிவந்து, பட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, “நல்ல பட்டை” என்றார். படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படத்தின் பின்னால் எழுத வேண்டிய நாற்பது பெயர்களைச் சிறுவன் பேருந்திலேயே வரிசைப்படி குறித்துவிட்டான்.

உங்கள் தோட்டத்திலிருந்தும் இவ்வாறு பயணம் செல்ல எண்ணினால், அரும்பொருளகம் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். காலையிலேயே போய்ச் சேருங்கள். இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். மலாய் நன்கு படிக்கத் தெரிந்த பிள்ளைகளைப் பெரியவர்களுடன் இருவர் மூவராகச் சேர்த்து அனுப்புங்கள். குடையும் எடுத்துச் செல்லுங்கள்.